வராதவர்களையும் எண்ணுங்கள்

இந்த ஆண்டு வாய், முக அறுவைச் சிகிச்சைத் துறையில் எம்.டி.எஸ். சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது. கத்தி பிடிப்பதும் தையல் போடுவதும் மற்ற ஆசிரியர்களிடமிருந்து உங்களுக்கு வந்துவிடும். ஒரு புதிய முறை நல்லது என்று யாராவது சொன்னால் அதை எப்படி விசாரிப்பது என்பதைச் சொல்லிவிட்டுப் போக விரும்புகிறேன்.

இதை எழுத வைத்தவர் ஓர் அம்மா. போன ஆடி மாதம் ஓபியில் என் முன்னால் உட்கார்ந்து கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே, ஒன்பது வருடத்துக்கு முன் நான் அவருடைய கீழ்த்தாடையில் வைத்த இம்ப்ளான்ட், மேலே போட்ட கேப்போடு சேர்ந்தே இருந்தது. “சோறு மெல்லும்போது கையோட வந்துடுச்சும்மா” என்றார். ஈறு வீங்கி வடிய ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. பஸ் செலவு ஒரு பக்கம், ஒரு நாள் கூலி போய்விடும் என்பது இன்னொரு பக்கம், அதனால் வரவில்லை. அன்று இரவு பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். நான் மாநாட்டில் வாசித்த ஐந்தாண்டு முடிவில் 40 இம்ப்ளான்டில் 39 வெற்றி என்று இருந்தது. அந்த 39-இல் இவருடையதும் ஒன்று. அவர் கடைசியாக ரிவ்யூவுக்கு வந்ததோ இரண்டாம் வருடம். வந்த அன்று நன்றாக இருந்தார், ஆகவே நன்றாக இருக்கிறார் என்று எண்ணிவிட்டேன். அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

1. இம்ப்ளான்ட் தாடையில் நிற்கிறது என்பதும் நன்றாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. எந்தக் கட்டுரையை எடுத்தாலும் “95 சதவீதத்துக்கு மேல்” என்று வரும். எதன் சதவீதம் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது விழாமல் நின்றவற்றின் கணக்கு. சுற்றிலும் எலும்பு கரைந்து, அழுத்தினால் சீழ் வருகிற இம்ப்ளான்டும் அந்தக் கணக்கில் நின்றதாகத்தான் சேரும். கைக்குட்டையில் வந்தது, வருவதற்கு முந்தின நாள்வரை நின்ற இம்ப்ளான்ட்தான்.

இந்தத் தொழில் எப்படித் தொடங்கியது என்று தெரிந்தால் எண்கள் மீது மரியாதை வரும். ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் 1952 வாக்கில் பெர்-இங்வார் பிரேனமார்க் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் கூடு ஒன்றை வைத்தார். வேலை முடிந்து கழற்றப் போனால் எலும்போடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. அதைப் பார்த்ததும் அவர் ஊரைக் கூட்டிவிடவில்லை. வருடக்கணக்காக விலங்குகளில் பார்த்தார். 1965-இல்தான் யோஸ்தா லார்சன் என்ற முதல் நோயாளிக்கு வைத்தார். பத்தாண்டு அனுபவத்தை 1977-இல் வெளியிட்டார், 15 ஆண்டு முடிவை அவருடைய குழுவினர் 1981-இல் வெளியிட்டார்கள். 1982-இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் வட அமெரிக்கா திரும்பிப் பார்த்தது. லார்சன் 2006-இல் இறக்கும்வரை அந்த இம்ப்ளான்ட்கள் அவர் வாயில் வேலை செய்தன.

1986-இல் ஆல்பிரெக்ட்ஸனும் சகாக்களும் வெற்றி என்றால் என்ன என்று வரையறுத்தார்கள்: அசையக் கூடாது, எக்ஸ்ரேயில் சுற்றிலும் கருங்கோடு தெரியக் கூடாது, வலியோ தொற்றோ மரத்துப்போதலோ நீடிக்கக் கூடாது, முதல் வருடத்துக்குப் பிறகு எலும்பு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் குறையக் கூடாது. இன்று இதில் திருத்தங்கள் பல உண்டு. ஆனாலும் ஒரு கட்டுரை “வெற்றி” என்று சொன்னால் இந்த நான்கில் எதையெல்லாம் அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். பல நேரம் ஒன்றைத்தான் அளந்திருப்பார்கள்.

2. இம்ப்ளான்டை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள். ஒருவர் வாயில் ஆறு வைத்தால் அவை ஆறு சாட்சிகள் ஆகா. ஒரே சர்க்கரை, ஒரே பீடி, ஒரே பல் துலக்கும் பழக்கம், வைத்த கையும் ஒன்று. கெட்டால் கூட்டமாகக் கெடும். ஸ்வீடனின் சமூகக் காப்பீட்டுப் பதிவிலிருந்து நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து டெர்க்ஸும் சகாக்களும் செய்த ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கேப் போடுவதற்கு முன்பே விழுந்தவை இம்ப்ளான்ட் கணக்கில் 1.4 சதவீதம், ஆள் கணக்கில் 4.4 சதவீதம். பிறகு விழுந்தவை இம்ப்ளான்ட் கணக்கில் 2.0, ஆள் கணக்கில் 4.2. உங்கள் எதிரே உட்கார்ந்து “எனக்கு நிக்குமா டாக்டர்?” என்று கேட்பவர் ஓர் ஆள். அவருக்கு ஆள் கணக்கைச் சொல்லுங்கள்.

அதே மக்களைச் சுமார் 9 ஆண்டு கழித்துப் பரிசோதித்தபோது 14.5 சதவீதம் பேருக்கு இம்ப்ளான்டைச் சுற்றி ரத்தமோ சீழோ கசிந்து, எலும்பு 2 மில்லிமீட்டருக்கு மேல் போயிருந்தது. முதல் அறிவுரையில் சொன்னதற்கு இதுவே ஆதாரம்.

3. வராதவர்களைத் தேடுங்கள். கட்டுரையின் சுருக்கத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். அட்டவணையில், தொடக்கத்தில் எத்தனை பேர், கடைசியில் எத்தனை பேர் என்று இரண்டு எண்ணையும் விரல் வைத்துப் பாருங்கள். 50 பேரில் தொடங்கி ஐந்தாம் வருடம் 35 பேர் வந்தார்கள், அவர்களில் 34 பேருக்கு நன்றாக இருந்தது என்று வையுங்கள். எழுதுகிறவர் 97 சதவீதம் என்பார். வராத 15 பேருக்கும் கெட்டுப்போயிருந்தால் அது 68 சதவீதம். உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்று அந்தக் கட்டுரையால் சொல்ல முடியாது. நம் ஊரில் வலியில்லாதவரும் வருவதில்லை, மனம் வெறுத்து வேறு டாக்டரிடம் போனவரும் வருவதில்லை. இருவரையும் ஒரே கூடையில் போட்டு “நலம்” என்று எழுதக் கூடாது. நான் எழுதினேன்.

4. யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டு முடிவு செய்ததா, டாக்டர் முடிவு செய்தாரா என்று பாருங்கள். டாக்டர் முடிவு செய்தால், சுலபமான கேஸ் அவருக்குப் பிடித்த முறைக்குத் தானாகப் போய்ச் சேரும். அதில் கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை, கையே அப்படிப் போகும். சீட்டுப் போட்டுப் பிரித்தால் இந்தச் சாய்வு போய்விடும். ஆனால் பிரித்த பிறகும் அதைக் கெடுக்க ஒரு வழி உண்டு. அதை ஒரு நல்ல ஆய்வைக் கொண்டே காட்டுகிறேன்.

கீழ்த்தாடை ஞானப்பல்லின் வேர் நரம்புக் குழாயை ஒட்டியிருந்தால், முழுப் பல்லையும் எடுக்கும்போது நரம்பு நசுங்கி உதடு மரத்துப்போகலாம். அதற்காகப் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து வேரை உள்ளேயே விடுவது கொரோனெக்டமி. இங்கிலாந்தில் டாரா ரென்டனும் சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், எக்ஸ்ரேயில் நரம்புக்கு அருகில் தெரிந்த 196 பற்களை இரண்டாகப் பிரித்தார்கள். 102 பற்கள் முழுதாக எடுக்க, 94 கொரோனெக்டமிக்கு. முழுதாக எடுத்ததில் 19 நரம்புகள் பாதிக்கப்பட்டன. கொரோனெக்டமி சரியாக முடிந்த 58-இல் ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தில் நம் ஆட்கள் கட்டுரையை மூடிவிட்டு “19-க்கு எதிராகப் பூஜ்யம்” என்று ஸ்லைடில் போடுவார்கள். 58 போக மீதி 36 பற்கள் எங்கே? அவற்றில் வெட்டும்போதே வேர் ஆடிவிட்டது, ஆகவே அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த 36-இல் 3 நரம்புகள் பாதிக்கப்பட்டன. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை, தனியே எழுதியிருக்கிறார்கள். மறைப்பது வாசிக்கிற நாம். கத்தியைக் கையில் எடுக்கும்போது இது சரியாக முடியும் கேஸா, வேர் ஆடும் கேஸா என்று உங்களுக்குத் தெரியாது. எனவே நோயாளிக்குச் சொல்ல வேண்டிய கணக்கு, கொரோனெக்டமிக்கு ஒதுக்கிய 94-இல் 3, அதாவது நூற்றுக்குச் சுமார் மூன்று. அது மறுபக்கத்து 19 சதவீதத்தைவிட மிகக் குறைவுதான், முறை நல்ல முறைதான். இருந்தாலும் பூஜ்யம் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்ட ஒருவருக்கு உதடு மரத்தால் அவர் முகத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சீட்டு எந்தக் குழுவில் போட்டதோ, ஆள் கடைசிவரை அந்தக் குழுவில்தான். இடையில் என்ன நடந்தாலும் அங்கேயே எண்ணுங்கள்.

5. பூஜ்யத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். “30 பேருக்குச் செய்தோம், ஒருவருக்கும் நரம்புப் பாதிப்பு இல்லை” என்று ஒரு கட்டுரை சொன்னால், 3-ஐ அந்த 30-ஆல் வகுங்கள். பத்துப் பேருக்கு ஒருவர்வரை பாதிப்பு இருக்கக்கூடிய முறையிலும் இப்படி ஒரு பூஜ்யம் தற்செயலாக வந்துவிடும். நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே என்று தைரியமாகச் சொல்ல, 300 பேரில் ஒருவருக்கும் வராமல் இருக்க வேண்டும். நம் தீசிஸ்களில் பாதி, பக்கத்துக்குப் பத்துப் பேர் வீதம் செய்தவை. அவற்றை வைத்து “பாதுகாப்பானது” என்ற சொல்லை எழுதாதீர்கள்.

6. நல்ல சான்று எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வலி மாத்திரை ஆய்வுகளைப் படியுங்கள். ஞானப்பல் எடுத்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், மற்றபடி ஆரோக்கியமானவர்கள், வலி எப்போது தொடங்கும் என்று நமக்குத் தெரியும். அதனால் உலகம் முழுக்க மாத்திரைகளைச் சோதிக்க நம் நோயாளிகளைத்தான் நாடினார்கள். ஒரே மாதிரி கேள்வி, ஒரே மாதிரி அளவுகோல், ஆயிரக்கணக்கான பேர், போலி மாத்திரையோடு ஒப்பீடு. அதனால் நறுக்கென்று பதில் கிடைத்தது. போலி மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாவது குறைய, ஐபுப்ரூஃபன் 400 மில்லிகிராம் 2.5 பேருக்குக் கொடுக்க வேண்டும். ஐபுப்ரூஃபன் 200-ம் பாரசிட்டமால் 500-ம் சேர்த்தால் 1.6 பேர் போதும். கோடீன் 60 மில்லிகிராமைத் தனியாகக் கொடுத்தால் 12 பேருக்குக் கொடுக்க வேண்டும். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவருக்கு எதை எழுத வேண்டும் என்று இதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை. நம் துறையில் இந்த அளவு உறுதி மிகச் சில இடங்களில்தான் கிடைக்கும். கிடைத்த இடத்தில் அதைப் பயன்படுத்தாமல், பழக்கத்துக்கு வேறு எழுதுவது தவறு.

7. “எத்தனை பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குப் பயன்” என்ற இதே கேள்வியை எல்லாவற்றிடமும் கேளுங்கள். இம்ப்ளான்ட் வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன் அமாக்ஸிசிலின் 2 கிராம் கொடுப்பதை எஸ்போஸிட்டோ குழுவினர் காக்ரேன் தொகுப்பில் 2013-இல் அலசினார்கள். 25 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு ஆரம்ப இழப்பு தவிர்க்கப்படுகிறது. ஒரு வேளை மருந்துக்கு இது நியாயமான பலன். இதைக் காட்டி ஐந்து நாள் கோர்ஸ் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆய்வு ஐந்து நாளுக்குச் சாட்சி சொல்லவில்லை.

8. கணக்கில் தெரிகிற வித்தியாசம் வாயில் தெரியுமா? நூறு மில்லிமீட்டர் வலிக்கோட்டில் நான்கு மில்லிமீட்டர் குறைந்ததற்கும் பி மதிப்பு 0.05-க்குக் கீழே வரலாம். நோயாளிக்கு அது தெரியாது. அவருடைய ரத்தத்தைச் சுழற்றிப் பிஆர்எஃப் எடுத்துக் குழியில் வைத்து அதற்குத் தனியாகப் பணம் வாங்குவதற்கு முன், அவருக்கு என்ன மாறும் என்பதை அவர் மொழியில் சொல்ல முடிகிறதா என்று யோசியுங்கள்.

9. புதிய பொருள் வரும்போது வருடத்தைக் கேளுங்கள். அமெரிக்காவில் 1983 முதல், தாடை மூட்டின் வட்டு கெட்டவர்களுக்கு டெஃப்லான் சேர்ந்த ஒரு தகட்டை வைத்தார்கள். ஏற்கெனவே சந்தையில் இருக்கும் பொருளைப் போன்றதுதான் என்ற அடிப்படையில், பெரிய ஆய்வுகள் இல்லாமலே அனுமதி கிடைத்தது. ஆரம்பத்தில் வந்த கேஸ் வரிசைகள் அழகாக இருந்தன: வலி குறைந்தது, வாய் திறந்தது. ஆனால் மூட்டு ஒவ்வொரு நாளும் மெல்லுகிறது. தகடு தேய்ந்து துகளானது. துகளை விழுங்க வந்த பெருஞ்செல்கள் பக்கத்து எலும்பையும் அரித்தன. சிலருக்கு மண்டையோட்டின் அடித்தளம்வரை ஓட்டை விழுந்தது. 1990 வாக்கில் எச்சரிக்கையும் திரும்பப் பெறுதலும் வருவதற்குள் பல்லாயிரம் பேருக்கு வைத்தாயிற்று. அவர்களில் பலர் அடுத்தடுத்த அறுவைகளோடு வாழ்ந்தார்கள். முதல் இரண்டு வருடத்துக் கட்டுரைகளில் பொய் ஒன்றும் இல்லை. அவை இரண்டு வருடத்தோடு நின்றுவிட்டன, அவ்வளவுதான்.

உங்களையும் நட்சத்திர ஓட்டலுக்கு அழைப்பார்கள். பேச்சு நன்றாக இருக்கும், பேசுகிறவரின் கையும் நல்ல கையாகவே இருக்கும். “மேடம், லேட்டஸ்ட் சர்ஃபேஸ்” என்று ரெப் பெட்டியைத் திறக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மாடலிலேயே ஐந்தாண்டுக்கு மேல் பார்த்த ஆய்வு உண்டா, பழைய மாடலின் ஆய்வைக் காட்டுகிறீர்களா? ஆய்வுக்குப் பணம் யார் கொடுத்தது? பத்து வருடம் கழித்து இதற்கு ஸ்க்ரூ கிடைக்குமா? மூன்றாவது கேள்வியை நான் ஒரு காலத்தில் கேட்கவில்லை. கம்பெனி மூடிப்போய், நன்றாக இருந்த இம்ப்ளான்டுக்கு மேல்பகுதி கிடைக்காமல் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

10. சான்று இல்லை என்பதும், பயனில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது என்பதும் வேறு வேறு. இங்கிலாந்தில் நைஸ் அமைப்பு 2000-இல், தொல்லை தராத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்று வழிகாட்டியது. தேவையில்லாத அறுவைகள் குறைந்தன. ஆனால் பிறகு, வயது ஏறியபின் எடுக்க வருகிறவர்கள் கூடியதாகவும், படுத்திருக்கும் ஞானப்பல் முட்டும் இடத்தில் அதற்கு முன்னால் உள்ள கடைவாய்ப்பல் சொத்தையாவதாகவும் அங்கிருந்தே அறிக்கைகள் வந்தன. காக்ரேன் தொகுப்போ, எடு என்றும் விடு என்றும் சொல்லப் போதிய ஆய்வு இல்லை என்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் நோயாளியிடம் “தெரியாது, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம்” என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

11. ஒற்றைக் கேஸை அலட்சியப்படுத்தாதீர்கள். பயனைச் சொல்லும் ஒற்றைக் கேஸ் பலவீனமானது. தீங்கைச் சொல்லும் ஒற்றைக் கேஸ் எச்சரிக்கை மணி. 2003-இல் மயாமியில் ராபர்ட் மார்க்ஸ், பாமிட்ரோனேட், சோலெட்ரோனேட் மருந்து போட்டுக்கொண்ட 36 பேருக்குத் தாடை எலும்பு வெளியே தெரிந்து ஆறாமல் இருப்பதை எழுதினார். சீட்டுக் குலுக்கலோ ஒப்பீட்டுக் குழுவோ இல்லை. கண்ணால் கண்டதை எண்ணி எழுதினார். இன்று பல் எடுக்கும் முன் “எலும்புக்கு ஊசி போட்டுக்கிட்டீங்களா?” என்று நாம் கேட்பது அதிலிருந்து தொடங்கியது.

12. ஆய்வில் யாரைச் சேர்க்கவில்லை என்பதை முதலில் படியுங்கள். கட்டுப்படாத சர்க்கரை, புகையிலை, ஈறு நோய் உள்ளவர்களை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். நம் ஓபி வரிசை முழுக்க அவர்கள்தான். பாக்கு மென்று கன்னம் இறுகி, இரண்டு விரல்கூட உள்ளே போகாத வாயை எந்த ஸ்வீடன் ஆய்வும் பார்த்திருக்காது. அந்த எண்ணை அப்படியே தூக்கி இவர் வாயில் வைக்காதீர்கள். இம்ப்ளான்ட் தேதியைத் தள்ளிப்போட்டு முதலில் சர்க்கரையையும் ஈற்றையும் சரிசெய்யச் சொல்லுங்கள். அதனால் வருமானம் தள்ளிப்போகும், பரவாயில்லை.

13. உங்கள் தீசிஸை முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன், இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் பதியுங்கள். 2007-இல் தொடங்கிய அந்தப் பதிவேடு 2018 ஏப்ரலிலிருந்து ஆய்வு தொடங்கிய பிறகு செய்யும் பதிவை ஏற்பதில்லை. எதை அளக்கப் போகிறீர்கள் என்று முன்பே எழுதிவைத்தால், முடிவு வந்த பிறகு பிடித்த எண்ணைத் தேட மனம் அலையாது. அறுவை செய்தவரே வீக்கத்தை அளக்க வேண்டாம். எந்தப் பக்கம் எந்த முறை என்று தெரியாத ஜூனியரிடம் டேப்பைக் கொடுங்கள். வித்தியாசம் இல்லை என்று வந்தால் அப்படியே எழுதுங்கள். கைடு முகம் சுளித்தால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

14. சொந்தமாக ஒரு நோட்டு வையுங்கள். முதல் கேஸிலிருந்தே. பெயர், தேதி, எந்த இம்ப்ளான்ட், எத்தனை அளவு, சர்க்கரை, புகையிலை, அன்றைய எக்ஸ்ரே எண். கடைசிக் கட்டத்தின் தலைப்பு “கடைசியாகப் பார்த்த தேதி”. அதற்குப் பக்கத்தில் நோயாளியின் பிள்ளைகளுடைய போன் நம்பரும் இருக்கட்டும், அவரவர் நம்பர் மாறிக்கொண்டே இருக்கும்.

என்னுடைய நோட்டுகள் பதினொன்று. துறை நூலகத்தில் கீழ்த்தட்டில், பழைய ஓபிஜி கவர்களுக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறேன். அந்த அம்மா வந்துபோன பிறகு, நோட்டில் ஐந்தாண்டு ரிவ்யூவுக்கு வராதவர்களின் பெயர்களுக்கு நேரே பென்சிலால் புள்ளி வைத்தேன். 64 புள்ளி. இதுவரை 22 பேரோடு பேசிவிட்டேன், மூன்று பேர் இறந்துவிட்டார்கள், ஐந்து பேரை வரச் சொல்லியிருக்கிறேன். மாநாட்டுக் கட்டுரையின் 39-ஐத் திருத்தி எழுத, மீதிப் பேரில் அந்தக் கட்டுரையில் இருந்தவர்களும் வேண்டும். புதன்கிழமை மதியம் ஓபி முடிந்ததும் இரண்டு பேர் என் அறைக்கு வாருங்கள். ஐந்தாம் நோட்டிலிருந்து கூப்பிட வேண்டும்.